சங்கம் இருந்தும் ஏன் ஒன்றும் மாறவில்லை?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அம்மா குன்னூருக்குக் கீழே ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தில் 22 ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கிறார், அங்கே மூன்று சங்கங்கள் இருக்கின்றன, ஆளுக்கு ஒன்றில் சந்தாவும் போகிறது, ஆனாலும் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லைன் வீட்டின் கூரை ஒழுகுகிறது, எடையில் கழிக்கிறார்கள், கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நான்காவதாக ஒரு சங்கம் தொடங்கினால் ஏதாவது மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறாது என்பதே என் பதில். முப்பது ஆண்டுகள் இந்த மலையில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதியவன் நான். சங்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் தோட்டத்தில் கொடியும் பலகையும் ரசீதுப் புத்தகமும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஒரு லைனில் குடியிருக்கும் நாற்பது பெண்கள் ஒரே விஷயத்தை ஒரே நாளில் ஒரே மாதிரி கேட்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் ஏன் வரவில்லை என்று யோசித்தால், வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கிற மலை வாழ்க்கையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு மில் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால், மாலையில் தன் சொந்த வீட்டுக்கோ வாடகை வீட்டுக்கோ போய்ப் படுத்துக்கொள்வார். முதலாளிக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை. தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்கிறவர் இரவில் படுப்பது தோட்டத்தின் கூரைக்குக் கீழே, குடிப்பது தோட்டத்தின் குழாய்த் தண்ணீர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது தோட்டத்து மருந்தகத்துக்கு, பிள்ளை பள்ளிக்கு நடக்கிற பாதையும் தோட்டத்தின் பாதை. கூலியை மட்டும் தனியாகப் பிரித்துச் சண்டை போட இங்கே இடமில்லை.

இந்த முடிச்சு இன்று நேற்றுப் போட்டதல்ல. கங்காணி சமவெளி ஊர்களில் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் திரட்டி மலைக்கு ஏற்றிய காலத்தில், 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரைச் சிறைக்கு அனுப்பவும் வழி வைத்திருந்தது. அது போதாதென்று 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனியாக ஒரு சட்டம் வந்தது. இரண்டும் 1920களின் முடிவுக்குள் நீங்கின. சட்டம் போனாலும், ஆளை லைனில் வைத்தால்தான் விடிந்ததும் மலைக்கு அனுப்ப முடியும் என்ற ஏற்பாடு அப்படியே நின்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: தோட்ட முதலாளிகள் 1893லேயே உபாசி என்ற அமைப்பில் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள், அதன் தலைமையகம் நம் குன்னூரில்தான் இருக்கிறது, தொழிலாளர் சங்கங்கள் தோட்டங்களுக்குள் வேர்பிடிக்க அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆனது. ஒன்றுசேர்வதன் பலனை முதலில் புரிந்துகொண்டவர்கள் யார் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் குடிநீரையும் பிள்ளைக் காப்பகத்தையும் உரிமையாக மாற்றியது. பெரிய சாதனைதான். ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத பரப்பும் பதினைந்து தொழிலாளர்களும் இருந்தால் தோட்டம் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் வீட்டை வேலை இருக்கும் வரைக்குமான உரிமையாகவே வைத்தது. அதனால்தான் உங்கள் அம்மாவின் லைனில் ஒருவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கினால் மகனோ மருமகளோ அவசரமாகப் பெயர் பதிந்துகொள்கிறார்கள். யாராவது ஒருவர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் ஆள் பதிவேட்டில், இருந்தால்தான் வீடு நிற்கும். திருப்பூரில் நல்ல சம்பளத்தில் இருந்த பெண் பிள்ளைகள் வீட்டுக்காகவே திரும்பி வந்து கூடை மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்த ஒருவர் கூலி உயர்வுக்காக முதல் நாளே வேலைநிறுத்தம் என்று பேசமாட்டார். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குப் பின் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். தோட்டத்துக்காரர்கள் அதை மறக்கவில்லை. பயப்படுகிறவர்களைக் கோழை என்று மேடையில் திட்டிய தலைவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் லைனில் குடியிருந்தவர்கள் அல்லர்.

ஆகவே வீட்டைப் பணயம் வைக்காமல் எதைக் கேட்க முடியுமோ அதிலிருந்து தொடங்குவதுதான் முறை. என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கோத்தகிரி வட்டத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். ஆடி மாதத்துச் சாரல். மதிய எடைக்குப் பெண்கள் சாக்கைத் தலையில் சுமந்து வந்து வரிசையில் நிற்கிறார்கள். முக்காலியில் தொங்கும் தராசில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு சாக்காக மாட்டுகிறார், முள் நிற்பதற்கு முன்பே எடையைச் சொல்கிறார், சொல்லும்போதே ஈரத்துக்கும் சாக்குக்குமாக இரண்டு கிலோ கழித்துச் சொல்கிறார். காலையில் ஒரு எடை, மதியம் ஒரு எடை. ஆக ஒருவருக்கு நாளைக்கு நான்கு கிலோ. கூலி நாள் கணக்கில்தானே என்று வெளியார் கேட்கலாம். அன்றைய அளவை எடுத்தால்தான் முழு நாள் கூலி, அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. பருவம் நன்றாக இருக்கும் மாதங்களில் பிள்ளைகளின் புத்தகமும் செருப்பும் அந்தக் கிலோ காசில்தான் வரும்.

அந்தப் பெண்கள் சங்கத் தலைவரிடம் பல முறை சொன்னார்கள், அவரும் துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், பேசுவதாகப் பல முறை சொன்னார். கடைசியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளையிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தினமும் இரவு ஏழு மணிக்கு லைனின் குழாயடியில், தராசில் முள் காட்டியது எவ்வளவு, சிட்டையில் ஏறியது எவ்வளவு என்று ஒவ்வொருவரும் சொல்ல, அவள் இரண்டு பத்தியாக எழுதினாள். முதல் வாரம் பதினோரு பேர்தான் சொன்னார்கள். மூன்றாவது வாரம் நாற்பது பேரும் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு நாள், எடை போடும் இடத்தில், எல்லோர் முன்னிலையிலும், நன்றாக நனைந்த ஒரு வெறும் சாக்கை வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள் தராசில் மாட்டினார். ஒரு கிலோவைக்கூட முள் தொடவில்லை. கணக்கப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அவரும் மேலிருந்து வந்த உத்தரவைத்தான் செய்துகொண்டிருந்தார்.

நோட்டில் இருந்த கணக்கை எடுத்துக்கொண்டு ஆறு பேர் துரையின் அலுவலகத்துக்குப் போனார்கள். நான் கூடப் போய் வாசலில் நின்றேன், பேசவில்லை. நாளைக்கு நான்கு கிலோ, மாதம் 25 நாள், நாற்பது பேர் என்றால் 4,000 கிலோ பச்சைக் கொழுந்து. நாலு நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால் மாதம் 900 முதல் 1,000 கிலோ தேயிலை, பறித்தவர் கணக்கில் ஏறாமலே ஆலைக்குப் போகிறது. இந்தக் கணக்கை அந்த அறையில் சொன்னவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அடுத்த வாரத்திலிருந்து கழிவு முக்கால் கிலோ ஆனது. ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை, ஒருவர் வீடும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அதே நாற்பது பேர் கூரைத் தகரத்துக்காகப் போனபோது, துரை நாற்காலி போடச் சொன்னார்.

அந்த நோட்டைத்தான் நான் சங்கம் என்கிறேன். நாற்பது பேருக்கும் ஏதோ ஒரு சங்கத்தின் அட்டை ஏற்கெனவே இருந்தது. அட்டையின் நிறம் வேறு வேறாக இருந்ததை அந்த ஆறு வாரத்தில் யாரும் பேசவில்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, 1951ஆம் ஆண்டின் சட்டம் உட்படப் பழையவை அவற்றுக்குள் போய்விட்டன. உங்களுக்கு உடனே தேவையானவை சிலவே. ஒரு நிறுவனத்தில் 51 விழுக்காடு தொழிலாளர்களை உறுப்பினர்களாகக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம்; அப்படி எதுவும் இல்லையென்றால் 20 விழுக்காடு உள்ள சங்கங்கள் சேர்ந்த ஒரு குழுதான் பேசும். மூன்றாகப் பிரிந்து கிடக்கும் தோட்டத்தில் நான்காவது சங்கம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: உங்கள் புதிய சங்கம் மற்றதில் பத்துப் பத்துப் பேரைக் குறைத்து, எதற்குமே பெரும்பான்மை இல்லாமல் செய்துவிடக்கூடும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சரி பாதிப் பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். பழைய ஞாபகத்தில் யாராவது 'எல்லோரும் லீவு போட்டுவிடுவோம்' என்று யோசனை சொன்னால் அதைத் தடுத்துவிடுங்கள்.

ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குவதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் போடப்படும் ஒப்பந்தம் தோட்டத்தில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் ஒரு சங்கமும் தனியாக உட்கார்ந்து போட்டுக்கொள்வது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தும். பழைய சங்கத்தார், பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து, முன்னதைப் பன்னிரண்டு மூன்று என்றும், பின்னதைப் பதினெட்டு ஒன்று என்றும் சொல்வார்கள். உங்கள் அம்மாவின் கூலியும் அன்றாட அளவும் எந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றன, அதன் காலம் என்று முடிகிறது என்பது தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? சந்தா வாங்குகிறவர் அந்த நகலைக் காட்டக் கடமைப்பட்டவர். கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே சங்கத்துக்கு உயிர் வந்திருக்கிறது. போனஸ் குறைந்தது 8.33, அதிகபட்சம் 20 விழுக்காடு என்ற எல்லைகள் அப்படியே இருக்கின்றன. பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் கூலி. அம்மா இன்று நின்றால் 330 நாள் கூலி அவருக்குச் சேர வேண்டும், அதுவும் 30 நாட்களுக்குள். வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்று சொல்வது இந்த மலையின் பழக்கமாகிவிட்டது. பணிக்கொடை உழைத்துச் சேர்த்த பணம் என்ற வாதத்தை, ஓய்வு பெறுகிறவர் தனியாகப் போய்ச் சொல்லாமல் லைனே சேர்ந்து எழுத்தில் வைக்க வேண்டும்.

உங்கள் தோட்டத்துச் சங்கங்களின் நிர்வாகக் குழுவில் எத்தனை பெண்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் ஒருவரும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பேச்சுவார்த்தை மேசையில் ஆண்கள். 2015 செப்டம்பரில் மூணாற்றில் ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தபோது, நிர்வாகத்தைப் போலவே சங்கத் தலைவர்களையும் அருகே விடவில்லை. ஒன்பது நாளில் 20 விழுக்காடு கிடைத்தது, 8.33 போனஸ், மீதி கருணைத் தொகை. பிறகு அந்த ஆண்டே தினக் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. பெண்களின் ஒற்றுமை என்று மலையாளத்தில் பெயர் வைத்துக்கொண்ட அந்த அமைப்பு பின்னர் உள்ளாட்சித் தேர்தலில் நின்றது, பிளவும் கண்டது. அதை வைத்து அது தோற்றுவிட்டது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயர்ந்த கூலி பிளவுபட்டதோடு சேர்ந்து திரும்பிப் போய்விடவில்லை.

கூலியோடு முடியாத கதைகளும் இந்த மலைகளில் உண்டு. கூடலூரில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலான ஆதிவாசிகள் ஊர் ஊராகச் சங்கம் அமைத்து, 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கில் நகருக்குள் ஊர்வலம் போனது நிலத்துக்காக. நிலம் கையில் இருந்தால் எந்தக் கூலிக்கு வேலைக்குப் போவது என்பதைத் தானே முடிவு செய்யலாம் என்பது அவர்களின் கணக்கு. பிற்பாடு அவர்கள் தங்களுக்கென்றே ஒரு தேயிலைத் தோட்டமும் வாங்கினார்கள். பழனி மலையில் நிலைமை வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் சிறியவை, ஆட்கள் அன்றன்றைக்கு ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள், நூறு வீட்டு லைன் என்பதே அபூர்வம். அங்கே தோட்ட வாரியாகச் சங்கம் கட்ட முயன்றவர்கள் களைத்துப் போனார்கள்.

ஆனால் அதே மலையில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்கள் செய்தது தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றிலேயே தனித்து நிற்பது. இந்துஸ்தான் லீவர் நடத்திய அந்த ஆலை அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. முஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு, ஏழு டன்னுக்கும் மேல், கிடந்தது வெளியே தெரிந்து, ஊரார் திரண்டு, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. வழக்கமாக ஆலை மூடினால் சங்கமும் மூடிவிடும். இங்கே மூடிய பிறகுதான் முன்னாள் தொழிலாளர்கள் நலச் சங்கம் என்று ஒன்றுசேர்ந்து, யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு நின்றார், யாருக்குச் சிறுநீரகம் கெட்டது, யாருக்குக் கை நடுங்குகிறது என்று சேகரித்து, உயர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2016 மார்ச்சில் 591 பேருக்கான உடன்பாடு வந்தது. பதினைந்து ஆண்டுகள். அதிலும் நோட்டுதான் வேலை செய்தது.

என் பெற்றோர் 1964 அக்டோபரில் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தமான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால், இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள். எங்களைப் போன்ற தாயகம் திரும்பிய குடும்பங்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. 2022இல் அதன் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, கூலி எவ்வளவு என்ற கேள்வியை ஓரம் தள்ளிவிட்டு வீடு என்ன ஆகும் என்பதே எல்லா லைனிலும் பேச்சாக இருந்தது. அரசே முதலாளியாக இருந்தாலும் முடிச்சு அதே முடிச்சுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பலருக்குப் பிடிக்காது. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தோட்டங்களில் வேலை செய்கிறவர்களை நம் சங்கங்கள் இன்னும் விருந்தாளியாகக்கூட மதிப்பதில்லை. அவர்களால்தான் கூலி ஏறவில்லை என்று லைனில் பேசுகிறார்கள். என் தாத்தாவைப் பற்றி இலங்கையில் இதையே சொன்னார்கள். பாதி மலையில் அவர்கள் பறிக்கும்போது அவர்களை விட்டுவிட்டு 51 விழுக்காட்டை எப்படி எட்டுவீர்கள்? எடை நோட்டில் அவர்கள் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். இந்தி எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை லைனில் நிச்சயம் இருக்கும்.

அதேபோல் பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இருக்கும் சிறு தேயிலை விவசாயிகளை எதிரியாக எண்ண வேண்டாம். சோவியத் சந்தை போனபின் 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது அவர்கள் பட்ட கஷ்டம் லைனுக்குக் குறைந்ததல்ல. 2023 செப்டம்பரில் ஆதார விலை கேட்டு அவர்கள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். தராசின் முன்னால் அவர்களும் வரிசையில்தான் நிற்கிறார்கள், கழிவு அவர்களுக்கும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: அம்மாவிடம் சொல்லி, நம்பிக்கையான ஐந்தாறு பேரை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டுங்கள், சங்கம் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். எடைக் கழிவு, கூரை, பணிக்கொடை மூன்றில் எது எல்லோருக்கும் பொது என்று அவர்களே சொல்லட்டும். நீங்கள் படித்தவர் என்பதால் நீங்கள் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். நோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் லைனிலேயே இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள், வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு மூன்று சங்கத்தின் தோட்டக் கமிட்டிக்காரர்களையும் ஒரே நாளில் அழைத்து அந்த நோட்டைக் காட்டுங்கள். மூவரும் கையெழுத்துப் போட்டால் மனுவைத் துரைக்குக் கொடுத்து, ஒரு பிரதியைத் தொழிலாளர் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யார் கையெழுத்துப் போடவில்லை என்பதை லைன் பார்த்துக்கொள்ளும். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். மலையில் மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், அரிசி டப்பாவுக்குள் போட்டு வைப்பது எங்கள் அம்மாவின் வழக்கம்.